புனித வீரன் பாலகுரு

"வண்டிக்குள்ள யாருன்னு காவலாளி கேக்குறான். என்ன சொல்றீங்க மாமா?" என்றான் நெடுமாறன்.

பாலகுரு முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நெடுமாறன் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்தது ஒரு கதை விளையாட்டு. நெடுமாறன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் வந்தால் பகடை உருட்டி முடிவு. கொடுங்கோல் ராஜாவிடமிருந்து இளவரசரை வண்டியில் ஒளித்துத் தப்ப வைப்பதுதான் அன்றைய கதை. பாலகுருவின் மகள் சிந்துஜா திருடி. நெடுமாறனின் தங்கை பூர்ணிமா மந்திரக்காரி. பாலகுருவுக்கு வாய்த்தது புனித வீரன். அவன் பொய் சொல்லக் கூடாது, சட்டத்தை மீறக் கூடாது. மீறினால் தெய்வம் தந்த சக்தி போய்விடும்.

நம் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேஷம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அவர் வந்தது விளையாட அல்ல. நெடுமாறன், சிந்துஜாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. நாள் குறிப்பதுதான் பாக்கி. இரண்டு மாதமாக மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பேச்சையே காணோம். "ஞாயித்துக்கிழமை விளையாட வாங்க" என்ற அழைப்பு மட்டும் வந்தது. சம்பந்தம் கைநழுவினால் சொந்தபந்தம் முகத்தில் எப்படி விழிப்பது?

"உள்ள இளவரசர் ஒளிஞ்சிருக்காரு," என்றார் பாலகுரு.

"அப்பா!" என்று அலறினாள் சிந்துஜா.

"கேட்டான், சொன்னேன். நம்ம வீட்டுல பொய் சொல்ற பழக்கம் கிடையாது."

எல்லோரும் கூண்டோடு சிறைக்குப் போனார்கள்.

சிந்துஜா கம்பியால் பூட்டை நெம்பிப் பகடையை உருட்டினாள். பூட்டு திறந்துகொண்டது.

"நான் காவலாளியக் கூப்புடுறேன். சிறைய ஒடைக்கிறது சட்டப்படி குத்தம்," என்றார் பாலகுரு.

"ஐயோ, அவன் கொடுங்கோல் ராஜா மாமா!" என்றாள் பூர்ணிமா.

"ராஜா கெட்டவனா இருக்கட்டும். பூட்டு என்னா பண்ணுச்சி?"

எல்லோர் காலிலும் விலங்கு ஏறியது.

"சரிங்க சார். அப்புறம்?" என்றான் நெடுமாறன்.

மாமா, சார் ஆகிவிட்டதைப் பாலகுரு கவனித்தார். எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று, கதையில் வந்த நீதிபதியிடம் மரியாதையாகப் பேசிப் பார்த்தார். "ஐயா, நாங்க செஞ்சது தப்புதான். சட்டம் என்ன சொல்லுதோ அதச் செய்ங்க."

"இளவரசருக்குத் தூக்குன்னு சட்டம் சொல்லுது சார்," என்றான் நெடுமாறன்.

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். பூர்ணிமா பகடைகளைப் பையில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். கல்யாணமே மூட்டை கட்டப்படுவதுபோல் இருந்தது பாலகுருவுக்கு.

"தூக்குப் போடுறவனுக்கு ஆள் அடையாளம் தெரியாது. உங்கள்ல யாரு இளவரசர்னு கேக்குறான்," என்று நெடுமாறன் மெதுவாக இழுத்தான்.

பாலகுரு எழுந்து நின்றார். மகளைப் பார்த்தார்.

"நான்தான்டா இளவரசன்."

கைதட்டலில் மாடியே அதிர்ந்தது. அவரை இழுத்துப் போன சந்தடியில் மற்றவர்கள் இளவரசரோடு தப்பினார்கள். போகிற போக்கில் பூர்ணிமா ஒரு மந்திரம் போட்டு அவரையும் மீட்டுவிட்டாள்.

"பொய் சொல்லிட்டேனே. என் சக்தி போயிடுச்சா?"

"தெய்வம் மன்னிக்குமான்னு நீங்களே சொல்லுங்க மாமா," என்றான் நெடுமாறன்.

மாமா! போன உயிர் திரும்பி வந்தது.

"யாரையும் கெடுக்காம, நல்லதுக்குச் சொன்ன பொய்தான? பெத்தவன் மாதிரி தெய்வமும் மன்னிச்சித்தான் ஆவணும்."

"எழுதிக்க பூர்ணிமா! தேதி போடு!" என்று துள்ளினாள் சிந்துஜா. அவர் சொன்னதை அப்படியே பூர்ணிமா எழுதி நீட்டினாள். பாலகுரு கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவரும்தான்.

அதுவரை மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நெடுமாறனின் தாய் கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பாடா, இனிமே சொல்லிடலாம் சம்பந்தி. பிரான்சு விசாவுக்கு அவசரம்னு ரெண்டு பேரும் ஆடி மாசமே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஆடியில கல்யாணமான்னு நீங்க குதிப்பீங்கன்னு பயந்து, உங்க வீட்டம்மாதான் வந்து சாட்சிக் கையெழுத்து போட்டாங்க."