எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

மொன்றியல் தமிழர்களை லிங்க் அண்ணை அளவுக்குப் பயமுறுத்திய மனிதர் வேறு யாரும் இல்லை. பனிப்புயல்கூட அவருக்கு அடுத்ததுதான். புயல் வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வரும். லிங்க் அண்ணை தினமும் வருவார், மின்னஞ்சலில்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு போன் எடுத்தால் அவருடைய மனைவியே, "லிங்க் அண்ணை வேலைக்குப் போட்டார்" என்றுதான் சொல்லுவா. பின்னேரத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலை, காலை முழுக்கக் கணினி. மைக்ரோவேவில் சூடாக்கிய சோறு, காதுக்குள் நுழையும் பூச்சி, தூக்கத்தில் நடக்கும் பிள்ளைகள் என்று உலகத்தில் எங்கே என்ன ஆபத்து இருந்தாலும் அதன் லிங்க் எங்கள் எல்லாருக்கும் வந்துவிடும். கணினி இல்லாத வீடுகளுக்கு அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கட்டுரையை அல்ல, இரண்டு வரி நீளமான இணைய முகவரியை மட்டும்.

மற்றவர்கள் திறக்காமலே அழித்தார்கள். நான் ஒன்று விடாமல் திறந்து வாசித்துவிட்டு, என் மகள் அபியின் காதுகளைச் சோதித்துப் பார்ப்பேன்.

பிறகுதான் லிங்குகளை நண்பர்களோடு பகிரும் தளம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கணினித் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பொத்தான் வரும். ஒரு பக்கம் பிடித்திருந்தால் அதை அமத்தினால் போதும், நண்பர்கள் எல்லாரும் பார்க்கலாம். லிங்க் அண்ணை நாங்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸில் வீடு வீடாகப் போய் அந்தப் பொத்தானைப் பூட்டிக் கொடுத்தார். ஆளுக்கொரு கணக்குத் திறக்கும்படி தளம் கேட்டது. அண்ணை மறுத்துவிட்டார்.

"ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்னத்துக்கு? பேந்து மறந்துபோட்டு எனக்குத்தான் போன் அடிப்பியள். எல்லாருக்கும் ஒண்டு காணும்."

இப்படி எங்கள் சனம் முழுக்க ஒரே பெயரில் ஒரே கணக்குக்குள் குடியேறியது. யார் எதைச் சேமித்தாலும் எல்லாருக்கும் தெரியும். சேமித்தது யார் என்பது மட்டும் தெரியாது. வழுக்கையில் முடி வளர்க்கும் பக்கம் ஒன்று வந்த வாரம், கோயிலில் சாமியைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லாரும் எல்லாருடைய தலையையும் பார்த்தோம். மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று யாரோ சேமித்தார்கள். அந்த மாதம் எந்த மாமியாரும் எந்த மருமகளோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சிரிப்பு ஒரு மாசி மாத வியாழக்கிழமையோடு நின்றது. பின்னேரம் கணினியைத் திறந்தேன். புதிதாக மூன்று லிங்குகள் வந்திருந்தன. பதினாறு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போனால் பொலிஸ் தேடுமா என்பது முதலாவது. டொரோண்டோவுக்கு வெள்ளிக்கிழமை பஸ் நேரம் அடுத்தது. மூன்றாவது, எங்களுக்குப் பக்கத்து ரொக்ஸ்பரோ ஸ்டேசனிலிருந்து நகருக்குப் போகும் காலை ரயில்கள்.

அபிக்குப் பதினாறு.

போன் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தாயும் மற்றத் தாயிடம், "உங்கட வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று மட்டும் கேட்டாள். என் கணவர், "எங்கட பிள்ளை அப்பிடிச் செய்யாது" என்றார். எல்லா வீட்டுக் கணவர்களும் அதையேதான் சொன்னார்களாம். வளர்ந்த பிள்ளை இருந்த வீடுகளில் எல்லாம் அன்றைக்கு இரவுச் சாப்பாடு பீட்சா. அபி மூன்று துண்டு சாப்பிட்டாள். ஓடப்போகிற பிள்ளை இப்படிச் சாப்பிடாது என்று நினைத்தேன். பிறகு, தூரம் போகிற பிள்ளைதான் இப்படிச் சாப்பிடும் என்றும் நினைத்தேன்.

காலையில் அவள் பள்ளிக்கூடப் பையோடு பஸ் ஏறியதை ஜன்னலில் நின்று பார்த்தேன். வேலைக்குப் போய்க் கோட்டைக் கழற்றுவதற்குள் போன் வந்தது.

"தங்கச்சி, நான் லிங்க் அண்ணை. பிள்ளை ரொக்ஸ்பரோவில என்னோட நிக்கிறா. கோப்பி குடிக்கிறா. வாங்கோ. வந்து ஒண்டும் கேளாதேங்கோ."

யாருடைய பிள்ளை என்று தெரியாததால் அவர் யாரையும் கேட்கவில்லை. முதல் ரயிலுக்கு முன்பே பிளாஸ்கோடு போய் அந்தக் குளிரில் மேடையில் நின்றிருக்கிறார். அபியைப் பையோடு கண்டதும் ஏசவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவும் இல்லை. "பிள்ளை, நல்லகாலம் வந்தாய், உனக்கொரு லிங்க் சொல்லவேணும்" என்று தொடங்கியிருக்கிறார். உறைகுளிரில் விரல் கறுத்துப்போவதை விளக்கி முடிப்பதற்குள் ஒரு ரயில் போய்விட்டது. மைக்ரோவேவில் அடுத்த ரயில் போனது. பூச்சி காதுக்குள் நுழைந்தபோது மூன்றாவதும் போனது.

"பெரியாக்கள் கதைக்கேக்க இடையில போகக் கூடாதெண்டு நீங்கதானே அம்மா சொன்னீங்க" என்றாள் அபி, காருக்குள் அழுதபடி. "மாமா நிப்பாட்டவே இல்லை."

அந்தப் பொத்தான் தன் குறிப்புக்கு மட்டும் என்று அவள் நினைத்திருந்தாள். டொரோண்டோவில் காத்திருந்தவன் கணினியில் பழக்கமானவன். தனக்குப் பதினேழு என்று சொல்லியிருந்தான். அவன் எழுதியவற்றை அபி காட்டினாள். பதினேழு வயது எழுத்தாக எனக்குப் படவில்லை. மறுநாள் பார்த்தபோது அப்படி ஒரு பெயரே அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லா முகங்களும் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டிருந்தன. அந்த லிங்குகளைச் சேமித்தது யார் என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அபியின் கை என் சேலையைப் பிடித்தது.

"நான்தான்" என்றார் லிங்க் அண்ணை. "வீட்டை விட்டு ஓடலாமோ எண்டு ஒரு யோசினை."

"அறுபது வயதிலயோ?"

"அதுதான் பாருங்கோ, வாசிச்சாப் பிறகுதான் தெரிஞ்சுது, பதினாறுக்கு மேல பொலிஸ் தேடுமோ எண்டு அதில ஒண்டும் போடேல்லை."

கோயில் சிரித்தது. அவருடைய மனைவி மட்டும் இரண்டு வாரம் அவரோடு கதைக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்புகிற அந்த மனிதர், உண்மையை மனைவிக்குக்கூட அனுப்பவில்லை.

இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைத்திருக்கிறோம். லிங்குகள் இன்னும் வருகின்றன. எந்த நாளாவது வராவிட்டால், பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே அபி சொல்வாள்: "அம்மா, மாமா இண்டைக்கு ஒண்டும் அனுப்பேல்லை. ஒருக்கா போன் எடுத்துப் பாருங்கோ."