கரண்டி மாமியின் தாசில்தார்

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் மூன்று வேளையும் சுடச்சுடக் கோபம் பரிமாறிய ஒரே மெஸ் கரண்டி மாமியுடையதுதான். கோட்டைக்குள் ஒரு சந்தில், ஓட்டு வீட்டில் நடந்தது அது. சாப்பிட்டவர்கள் பதினெட்டுப் பேர், எல்லோரும் கல்யாணம் ஆகாத குமாஸ்தாக்கள். மாமியின் சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை. கையில் எப்போதும் பித்தளைக் கரண்டி. ரசம் ஊற்றுவதும் அதைக் கொண்டு, ஆளைச் சுட்டித் திட்டுவதும் அதைக் கொண்டு.

“ரசத்தில உப்பு கொஞ்சம் குறைச்சல் மாமி” என்றான் ஒருவன்.

“உன் ஆபீஸ்ல உன்னைப் பத்தியும் அப்படித்தான் சொல்றாளாம். நான் அதைக் கேட்டேனா?”

இப்படிப்பட்ட மாமி கோபிக்காத ஒரே ஜீவன் வாசலில் கிடந்த ஒரு செவலை நாய். எங்கிருந்தோ வந்தது. நாள் முழுவதும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாது. வேளை தவறாமல் சாப்பிடும். அதனால் தாசில்தார் என்று மாமி பெயர் வைத்தாள். ஆசாரம் பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார்: “சாப்பிடற இடத்தில நாய் இருக்கலாமா மாமி?”

“அது வாசல்லயாக்கும் இருக்கு. நீங்கதான் உள்ளே இருக்கேள்.”

தாசில்தாருக்கு உலகத்தில் ஒரே பயம், வெடிச் சத்தம். தூரத்தில் கோவில் கதினா வெடி போட்டால்கூட உடம்பெல்லாம் உதறும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். ஒரு தீபாவளிக்கு மிரண்டு ஓடி நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்ததாம். அதிலிருந்து புரட்டாசி பிறந்தாலே மாமி யுத்தத்துக்குத் தயாராவாள்.

நான் சேர்ந்த வருஷம் நாய்க்குப் பழக்கம் பண்ணினாள். தயிர்சாதம் வைத்துவிட்டு அருகே தாம்பாளத்தை லேசாகத் தட்டுவது. தினமும் கொஞ்சம் பலமாகத் தட்டுவது. தட்டும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. முறை போட்டுத் தட்டினோம். பத்து நாளில் நாய் தேறிவிட்டது. தாம்பாளச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. மறுநாள் தெருக்கோடியில் யாரோ ஒற்றைப் பட்டாசு வெடித்தான். தாசில்தார் கொல்லைக் கொட்டகையான விறகுப் புரைக்குள் பாய்ந்து மூன்று வேளை வெளியே வரவில்லை. தாம்பாளத்துக்கும் பட்டாசுக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்களுக்கும் சட்டம் உண்டு. பட்டாசு தொட்டவனுக்கு அன்றைக்குச் சாதம் கிடையாது. இலையில் உட்காருமுன் கையை நீட்ட வேண்டும், மாமி மோந்து பார்ப்பாள். வக்கீல் குமாஸ்தா ஒருவன் கெட்டிக்காரத்தனமாக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான்.

“எலுமிச்சை மணக்கறதே, சர்பத் கடை வச்சிருக்கியோ?”

“இல்லை மாமி.”

“அப்போ எழுந்திரு.”

அவன் எழுந்துவிட்டான். கோர்ட்டில்கூட அப்படி வாதமில்லாமல் ஒரு வழக்கு தோற்றிருக்காது.

அடுத்த வருஷம் எதிர்வீட்டு கான்ட்ராக்டர் பெண்ணுக்குத் தலை தீபாவளி. வண்டி நிறைய வெடி வந்து இறங்கியது. மாமி நேரே போய்ப் பேசினாள். “ஐம்பது பேர் விருந்தும் நான் சமைச்சுத் தரேன். கூலி வேண்டாம். சாப்பாடு முடியற வரைக்கும் ஒரு வெடி கேக்கப்படாது. அப்புறம் நான் நாயை ஊருக்கு வெளியே கொண்டு போயிடுவேன். சம்மதமா?” கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

தீபாவளி அன்று எங்கள் சந்தில் விடியற்காலையில் ஒரு சத்தமில்லை. விறகுப் புரைக்குள் சாக்குகளும் எங்களிடம் பிடுங்கிய போர்வைகளும் அடைத்து, நாயின் காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்து, கதவைத் தாழிட்டுவிட்டு மாமி எதிர்வீட்டுக்குப் பரிமாறப் போனாள்.

இனி வருவதை இத்தனை வருஷமாக நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் போர்வைகளில் ஒன்று என் ஜமக்காளம். புதிது. அதைத் திருட்டுத்தனமாக எடுக்க நான்தான் தாழைத் திறந்தேன். திரும்பச் சரியாகப் போடவில்லை.

நாய் மாமியைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே மாப்பிள்ளையும் நான்கு சிநேகிதர்களும் பொழுது போகாமல் நின்றிருந்தார்கள். வெடிக்கத் தடை, கையில் வெடி. நாயின் வாலில் ஒரு பட்டாசுச் சரத்தைக் கட்டிப் பற்றவைத்தார்கள். நான் ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாய் சுற்றிச் சுற்றித் தன் வாலையே கடிக்கப் பார்த்தது. சரம் அதன் முகத்துக்கு நேரே வெடித்தது. பிறகு ஊளையிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடியது. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாமி வாசலுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தோம். மாப்பிள்ளையை முறைத்துப் பார்த்தாள்.

“என்ன மாமி, ஒரு தெரு நாய்க்காக மாப்பிள்ளையை முறைக்கறேளே” என்றார் கான்ட்ராக்டர்.

“மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லலை. வாக்குக் கொடுத்தது நீங்களாக்கும். வெடிக்குப் பதிலாத்தான் விருந்து. வெடிச்சாச்சு. விருந்து என்னோடது.” சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த எங்கள் பக்கம் திரும்பினாள். “எல்லாத்தையும் தூக்குங்கோடா.”

ஐம்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கான்ட்ராக்டர் என் சூப்பிரண்டின் உயிர்ச் சிநேகிதர்; நானோ வேலை நிரந்தரமாகாதவன். ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த மாப்பிள்ளை மேல், மீதி என் மேல். பாயச உருளியின் ஒரு காதை நான் பிடித்தேன், மறு காதை மாமி பிடித்தாள்.

“மாமி, புரைத் தாழைத் திறந்தது நான்தான்” என்றேன்.

“அதை அப்புறம் பேசிக்கலாம். இப்போ உருளியைச் சாய்க்காம தூக்கு.”

அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தூக்கி வந்த விருந்து மெஸ்ஸில் அப்படியே ஆறிக் கிடக்க, பதினெட்டுப் பேரும் தேடக் கிளம்பினோம். மாமி சாலைக் கடைத்தெரு, ஆற்றுகால், கிள்ளியாற்றங்கரை என்று இரண்டு நாள் நடந்தாள். ஓடை ஓடையாகக் குனிந்து “தாசில்தாரே, தாசில்தாரே” என்று கூப்பிட்டாள். ஒரு போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஓடையில் ஏன் தேடுகிறாள் என்று மலையாளத்தில் கேட்டான்: “அம்மே, தாசில்தார் ஆபீஸிலல்லே இருக்குந்நது? ஓடையில எந்தினா நோக்குந்நது?”

“அங்கே இருக்கறது தூங்கிண்டிருக்கும். நான் தேடறது அடிபட்டுக் கிடக்கு. நீயும் குனிஞ்சு பாரு.”

அவனும் குனிந்து பார்த்தான். மூன்றாம் நாள் காலை ஆற்றோரம் ஒரு கல்பாலத்துக்கு அடியில் அவன்தான் கண்டுபிடித்தான். வால் பாதி கருகிப் போயிருந்தது. மாமி அதை மடிசாரோடு சேர்த்து இடுப்பில் தூக்கிக்கொண்டு, கோட்டை வாசல் வழியாக, ஊர் பார்க்க நடந்து வந்தாள்.

புண் ஆறிற்று. அடுத்த தீபாவளிக்குக் கான்ட்ராக்டர் வீட்டில் பழிக்குப் பழியாகக் கதினாவே போட்டார்கள். ஓடுகள் அதிர்ந்தன. தாசில்தார் வாசலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அதற்குக் காது போய்விட்டது என்று. கூப்பிட்டால் திரும்பாததை மிரட்சி என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

“இனிமே அதுக்குப் பயமே இல்லை மாமி. ஒரு விதத்தில நல்லதுதான்” என்றார் கணக்கப்பிள்ளை. மாமி அவர் இலையை அப்படியே உருவி எடுத்துவிட்டாள். பட்டாசுச் சட்டமும் மாறவில்லை. “நாய்க்குத்தான் கேக்காதே” என்று ஒருவன் முனகினான்.

“எனக்குக் கேக்கறதேடா.”

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. நாங்களே பரிமாறிக்கொண்டோம்.

காது கேளாத நாய், பின்னாலிருந்து ஆள் வந்தால் திடுக்கிட்டு எழுந்து நடுங்கும். சாப்பிட வரும்போது கொல்லை வழிதான் குறுக்குவழி; ஆனால் அது நாயின் முதுகுப் பக்கம். அதனால் மெஸ்ஸில் இருந்த அத்தனை வருஷமும், ஆபீஸுக்கு மணி பத்தடிக்கப் போகிற அவசரத்தில்கூட, நாங்கள் பதினெட்டுப் பேரும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, தாசில்தாரின் முகத்துக்கு நேராக வந்து, அது எங்களைப் பார்த்து வாலை ஒரு தரம் அசைத்த பிறகுதான் உள்ளே நுழைவோம். அப்படிச் செய்யச் சொல்லி மாமி எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.