திரையில் காணாமல் போன ஒரு வரி குறித்து மாமாவுக்கு

என்றும் மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். கணினியும் நலம் என்று நேற்று மாலை முதல் தைரியமாக எழுத முடிகிறது. அங்கே நீங்களும், எங்களால் மூன்று நாளாகக் கட்டிப்போன உங்கள் தொண்டையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நன்றி சொன்னால் "சரி சரி, போய்ப் படி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நீங்கள் வந்தபோது எங்கள் கணினியில் பேக்கப் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தீர்கள். கணினி என்றைக்காவது படுத்துவிட்டால், பெட்டியை இயக்கியதும் கறுப்புத் திரையில் 'மீட்க எஃப் பதினொன்றை அழுத்தவும்' என்று ஒரு வரி வரும், அழுத்தினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்றீர்கள். ஓராண்டாக அந்த வரி தினமும் வந்தது. நாங்களும் தினமும் அதைப் படித்துவிட்டு அழுத்தாமல் இருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பு வந்திருப்பதாக மென்பொருள் அறிவித்தது. போடலாமா என்று அம்மா என்னைக் கேட்டார். நான் விதிமுறைகள் பதினாறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்து, ஏழாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைக்கூடக் குறித்துவைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் 'சம்மதம்' என்பதை அழுத்தினேன். ஆகவே தவறு என்னுடையது. ஆனால் அவசரத்தில் செய்த தவறு அல்ல.

செவ்வாய் மாலை கணினி படுத்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தது அம்மாவின் சொல்லடைவு, மாமா. பூச்சிகளைப் பற்றிய அறுநூற்று நாற்பது பக்கப் புத்தகம்; எந்தப் பூச்சி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் அகரவரிசையில் போடுவார்களே, அது. பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறும் அம்மா, இரண்டு மாதமாகப் பூச்சிகளோடேயே குடித்தனம் நடத்தி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த புத்தகம் வேறொருவர் கைக்குப் போய்விடும். முதலிலிருந்து தொடங்கினாலோ இன்னும் இரண்டு மாதம். அம்மா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல விடு, உங்க மாமா இருக்கான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "வரி வருதா?" என்று நீங்கள் கேட்பீர்கள், "வரல மாமா" என்று நான் சொல்வேன், "திரும்பப் போடு" என்பீர்கள். இப்படிச் செவ்வாயன்று பதினோரு முறை, புதனன்று பத்தொன்பது முறை, நேற்றுக் காலை ஐந்து முறை. புதிய பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, வேறொரு கணினியில் பென்டிரைவ் தயார் செய்து அதை வைத்து மீட்கலாம் என்றீர்கள். கீழ்வீட்டுப் பல் மருத்துவரிடம் போனோம். அவர் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார், "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்று கையிலிருந்த குறடோடு எங்களுக்குக் கணினியைக் காட்டினார், நாற்காலியில் இருந்தவர் அது தனக்கான அறிவிப்பு என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். பென்டிரைவோடு மேலே வந்தால் அதற்கும் ஏதோ பொத்தானை அழுத்தச் சொல்லித் திரையில் எழுத்து வருமாம், அதுவும் எங்களுக்கு வரவில்லை. "எழுத்துக்கே நம்ம வீட்டு மேல கோபம்போல" என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் உடனே எதையோ துடைக்கப் போய்விட்டார்.

நேற்று மதியம்தான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். "இங்க பாரு புழு, நீ எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெப்பியே. ஆன் பண்ணும்போது என்னென்ன செய்றீங்க, ஒண்ணு விடாம படி." நான் படித்தேன். ஒன்று, பெட்டியின் பொத்தானை அழுத்துகிறோம். இரண்டு, ஆறு வரை எண்ணுகிறோம். மூன்று, திரையின் பொத்தானை அழுத்துகிறோம்.

"எதுக்கு ஆறு வரைக்கும் எண்ணுறீங்க?"

"அப்பா எண்ணச் சொல்லியிருக்கார் மாமா. கறுப்புத் திரையில ஓடுற வெள்ளை எழுத்து கண்ணுக்குக் கெடுதலாம்."

உடனே நீங்கள், "அத்தான்கிட்ட போனைக் குடு" என்றீர்கள். கண்ணாடிக் கடையில் இருபது ஆண்டுகளாக லென்ஸ் அரைக்கிற அப்பா, ஊரார் கண்ணையெல்லாம் காப்பாற்றுகிறவர், நம் கண்ணை விட்டுவிடுவாரா? பழைய பதிப்பு அந்த வரியைப் பத்து நொடி காட்டியது. நாங்கள் ஆறு போக மிச்சம் நான்கு நொடி பார்த்தோம். புதிய பதிப்பு இரண்டே நொடிதான் காட்டுகிறது. அதாவது வரி ஒழுங்காக வந்து, யாரும் பார்க்காததால் மரியாதையாகப் போயும்விட்டிருக்கிறது. முப்பத்தைந்து தடவை!

திரையை முதலில் போட்டோம், வரி வந்தது, அம்மா "வந்துடுச்சுடா!" என்று போனில் கத்திய கத்தலில் நான் எஃப் பன்னிரண்டை அழுத்திவிட்டேன். அடுத்த முறை சரியாக அழுத்தினேன். மூன்று மணி நேரத்தில் சொல்லடைவு திரும்பி வந்தது. வண்டு முதல் வெட்டுக்கிளி வரை பதினேழு பதிவுகள் மட்டும் போயிருந்தன. அவற்றை அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிட்டார். இன்று காலை பத்து மணிக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. அனுப்பிவிட்டு அம்மா என் தலையைத் தடவினார். நீங்கள் சொன்னபடி அந்த வரி காத்திருக்கும் நேரத்தைப் பதினைந்து நொடியாக மாற்றிவிட்டேன்.

மாமா, மூன்று நாளில் ஒரு முறைகூட நீங்கள் "யார் அதை அழுத்தினது?" என்று கேட்கவில்லை. அப்பாவிடம் பேசியபோதும் சிரிக்கவில்லை. (நடுவில் இரண்டு நிமிடம் சத்தமே வரவில்லை. லைன் கெட்டுவிட்டது என்று அப்பா நம்புகிறார்.) இந்த நன்றியை வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். உங்கள் தொண்டைக்கு வெந்நீர்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகப்புழு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. நூலாசிரியர் கரப்பான் பூச்சியைப் பற்றி இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு புதிய அத்தியாயம் எழுதி, முப்பதாம் பக்கத்துக்குப் பின்னால் சேர்த்துவிட்டாராம். அதனால் அம்மாவின் பக்க எண்களில் முதல் முப்பது பக்கம் போக மற்றவை எல்லாமே தப்பு. பத்து நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். போனை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்த அம்மா இன்னும் நிறுத்தவில்லை. "இதை மட்டும் அவனுக்கு எழுதாதே, பாவம், மனசு உடைஞ்சிடுவான்" என்றார். ஆனால் மேலே எழுதிய நன்றியில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை, மாமா. அதற்குப் பக்க எண் கிடையாது.