பண்ணாடி பார்த்த வைத்தியம்

“காலை ஆட்டாதடா ஆறுச்சாமி! முள்ளு உள்ளதான் இருக்குது.”

நஞ்சுண்டன் ஊக்கை வைத்து மறுபடியும் குடைந்தார். மஞ்சள் வேகவைக்கும் சமயம். கொப்பரையில் பதம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் பாதம் வீங்கி வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி சும்மா இருப்பாரா?

“ஏனுங்க, அதென்ன கெணறுங்களா, தோண்டிக்கிட்டே இருக்கறீங்க? ஆசுபத்திரிக்கு அனுப்புங்க” என்றாள் அவர் மனைவி சாந்தாமணி.

“நீ உள்ள போ அம்மணி. என்ற கைக்கு வராத முள்ளா?”

வரவில்லை. எருக்கம்பால் ஊற்றினார், வெந்து கொப்பளித்தது. கொப்பளத்துக்குச் சுடுசெங்கல் ஒத்தடம் கொடுத்தார். விடிந்து பார்த்தால் பாதம் பூசணிக்காயாட்டம் இருந்தது.

“எங்கடா மிதிச்சே?”

“வர்ற வழியிலீங்க, பண்ணாடி.”

“வெறுங்காலோட! காலம் எங்கயோ போயிருச்சு, இன்னும் மாடாட்டமே நடக்கறீங்க.”

ஆறுச்சாமி வீங்கின காலை மெல்ல இழுத்துக்கொண்டான். அவன் மனைவி மாசாணியம்மாள் கையிலிருந்த மஞ்சப்பையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள்.

காய்ச்சலும் வந்துவிட்டது. “கால் போச்சுன்னா எங்க பொழப்பே போச்சுங்க சாமி” என்று அவள் அழுதாள். பாவம், இளகின மனசு நஞ்சுண்டனுக்கு. தன் அம்பாசிடரிலேயே கோயமுத்தூர் கூட்டிப் போனார். பின் சீட்டில் சாக்கை விரித்துத்தான் உட்கார வைத்தார். “எந்தப் பண்ணாடி இப்படிச் செய்வான்?” என்று வழியெல்லாம் அவரே கேட்டு அவரே வியந்துகொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“முள் இல்லைங்க, பாட்டில் கண்ணாடி. யார் இதைக் குடைஞ்சு இவ்வளவு ஆழத்துக்குத் தள்ளினது?”

நஞ்சுண்டன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

கண்ணாடியை எடுத்துக் கட்டுப்போட்ட டாக்டர், “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். செருப்புப் போடறதில்லையா?” என்றார்.

நஞ்சுண்டனுக்கு உயிர் வந்தது. “நல்லாக் கேளுங்க டாக்டர்! நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன். இந்த ஆளுகளுக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க. போகையில நானே ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தர்றேன்.”

மாசாணியம்மாள் மஞ்சப்பையைப் பிரித்தாள். விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“பையன் வாங்கியாந்தது இருக்குதுங்க டாக்டரே. எங்க ஆளுக பண்ணாடி வீதி முக்குலயே கழட்டிரோணுங்களே, அப்படிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்கையிலதானுங்க கண்ணாடி ஏறுச்சு.”