ஈர அண்ணனும் உலர் அண்ணனும்

மூன்றாவது தடவையாக அந்த ஜாம் பாட்டில் வாசலுக்கே திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை கழுத்தில் ஒரு சீட்டு வேறு கட்டியிருந்தார்கள்: "விளையாட்டு வேண்டாம்."

பூட்டு ரிப்பேர்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஊரில் அவர் திறக்காத பூட்டு கிடையாது. ஆனால் பாதி ஜாமோடு இறுகிப்போன இந்த மூடி மட்டும் இடுக்கி, வெந்நீர், மனைவியின் கேலி எதற்கும் அசையவில்லை.

விஷயம் சாதாரணமானதல்ல. நகரத்துக் குப்பை முழுக்க இரண்டு தாதாக்களின் கையில் இருந்தது. மக்கிப்போகிற குப்பை ஈர அண்ணனுக்கு, பச்சை லாரி. தாள், கண்ணாடி, தகரம் உலர் அண்ணனுக்கு, நீல லாரி. ஒருவர் சரக்கை மற்றவர் தொட்டால் விரல் போய்விடும் என்று ஒப்பந்தமாம். போன விரலை யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

முதலில் பாட்டிலை நீலத் தொட்டியில்தான் போட்டார்.

"உள்ள என்னய்யா?" என்றான் நீல லாரிக்காரன்.

"கொஞ்சம் ஜாம்."

"ஜாம் ஈரமாச்சே! எங்க அண்ணன் விரலுக்கு உலை வைக்கிறியா?"

அன்றோடு நீல லாரி தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

மறுநாள் பழத்தோலுக்கு அடியில் புதைத்துப் பச்சைத் தொட்டியில் போட்டார். பச்சை லாரிக்காரன் கிளறிப் பார்த்துவிட்டான்.

"கண்ணாடியை ஒளிச்சு வெச்சிருக்க. யார் அனுப்பின ஆளு நீ?"

"நான் பூட்டுத் திறக்கிற ஆளுங்க..."

"ஓ, அந்தத் தொழிலா?" அவன் குரலில் மரியாதை ஏறியது. "எந்த கோஷ்டிங்க?"

பச்சை லாரியும் நின்றது.

மூன்றாம் நாள் வம்பே வேண்டாமென்று இரண்டு தொட்டிக்கும் நடுவில் வைத்தார். அதை இரண்டு கோஷ்டியும் போர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டன. அதற்குத்தான் இந்தச் சீட்டு.

தெருவில் குப்பை இடுப்பளவு ஏறியிருந்தது. மாடியிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "சாயங்காலத்துக்குள்ள குப்பை போகணும். இல்லேன்னா நீங்க போகணும்!"

பாட்டிலோடு நகராட்சிக்கு ஓடினார். அண்ணன்மார் பேரைக் கேட்டதும் ஜன்னல் குமாஸ்தா மேஜையில் கவிழ்ந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பாவம், எவ்வளவு பயம்!

"அவங்க விஷயத்துல நாங்க தலையிடறதில்ல சார்," என்று கவிழ்ந்தபடியே சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

வீடு திரும்பினால், வாசலில் இரண்டு லாரியும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. கறுப்புக் கண்ணாடியோடு இரண்டு அண்ணன்களும் அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணே, மூடி மட்டும் திறந்துட்டா, ஜாம் அவருக்கு, பாட்டில் உங்களுக்கு..." என்று குழறினார்.

"மூடி?" என்றார் ஈர அண்ணன்.

"தகரம். எனக்கு," என்றார் உலர் அண்ணன்.

"மூடியில ஒட்டியிருக்கிற ஜாம்?" என்றார் ஈர அண்ணன்.

பூட்டுக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒருத்தர் பாட்டிலைப் பிடிங்க, ஒருத்தர் மூடியைப் பிடிங்க. இவரு வேடிக்கை பார்ப்பாரு. அது இவருக்கு நல்லா வரும்."

இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்கள். 'டப்'பென்று திறந்தது. ஜாம் பச்சைக்குப் போனது. பாட்டிலும் மூடியும் அலம்பி நீலத்துக்குப் போயின. அரை மணியில் தெரு துடைத்துவிட்டாற்போல் ஆனது. அண்ணன்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

வீடு தப்பித்த தைரியத்தில் பூட்டுக்காரர் கடைசியாகக் கிளம்பிய லாரியை மறித்தார். "இவ்வளவு அராஜகம் நடக்குது, நகராட்சி கண்ணை மூடிக்கிட்டு இருக்கே! கேக்க ஆளில்லையா?"

டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நிஜ தாதாங்க நாத்தம் தாங்காம நாலு வருஷம் முன்னாடியே ஓடிட்டாங்க சார். இவங்க ரெண்டு பேரும் நகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டருங்க; பிரிச்சுப் போடுங்கன்னு மரியாதையாச் சொன்னப்போ நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"