ஆடியில் காலாவதியான மாப்பிள்ளை

ஊராரின் பெயர்களைக் காப்பாற்றுவதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். என் பெயரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இதை நானாகச் சொல்லாவிட்டாலும் வீட்டில் ஒரு விசேஷம் என்று நாலு பேர் கூடினால் யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, கடைசியில் என்னிடம் திரும்பி, "இல்லையா?" என்று வேறு கேட்கிறார்கள். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது. அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகு கோடவுனுக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் என் கம்பெனி. (கம்பெனி என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், முனகிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன்.) கீழே மூட்டையைத் தட்டினால் மேலே நான் தும்முவேன். ஏலக்காய், சுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்கிக் கொடுத்து, அதில் நாலு பக்கம் செய்து போடுவது என் வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வேலைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு டாட் காம் வாங்கிக் கொடுத்தால் ஏதோ அமெரிக்காவிலேயே இடம் வாங்கிக் கொடுத்த மாதிரி பார்ப்பார்கள். நம் நாட்டு டாட் இன் வேண்டுமென்றால் கம்பெனிப் பதிவுப் பத்திரம், லெட்டர்ஹெட், கையெழுத்து, சீல் என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். சில வருடங்களில் விதிகளைத் தளர்த்தி, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார்கள். விலை விழுந்தது, என் மரியாதையும் கூடவே விழுந்தது. அப்புறம் மாதாமாதம் ஏதாவது ஒரு விதி மாறும். மாறிவிட்டது என்று முழ நீளத்துக்கு ஒரு மெயில் வரும். முதலில் முழுவதும் படித்தேன். பிறகு தலைப்பை மட்டும் படித்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, வாடகைக்குத்தான். வருடம் முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இதை நான் என் வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றச் சொல்வேன். ஒருவர் பெயரையும் நான் தவற விட்டதில்லை.

என் கம்பெனிக்கும் ஒரு பெயர் வாங்கி வைத்திருந்தேன். என் பெயர் சண்முகசுந்தரம். அதோடு கொச்சியையும் ஒட்டி, பின்னால் டாட் காம். இங்கிலீஷில் அதை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அந்தத் தளத்தை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆனால் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அதற்குத் திடீர் மவுசு வந்தது. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ரிடையரான என் அப்பா போகிற இடமெல்லாம், "பையனுக்குச் சொந்தக் கம்பெனி. இன்டர்நெட்டுல போட்டுப் பாருங்கோ, வரும்" என்று சொல்ல ஆரம்பித்தார். (கோடவுன் மாடியை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.)

திருப்பூணித்துறையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. எங்களைப் போலவே தலைமுறைகளாகக் கேரளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பெண்ணின் அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். பெண் ஜெயந்தி கூட்டுறவு வங்கியில் வேலை. ஒரு தம்பி ஷார்ஜாவில். ஆனி மாதம் போய்ப் பார்த்தோம். ஜெயந்தி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எப்பவும் இப்படித் தும்முவீங்களா?" எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. இந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் வேறு எதுவும் நடந்து பயனில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆடி பிறக்கப் போகிறது, கல்யாணப் பேச்சு ஆகாது, ஆவணி, அதாவது இங்கத்துச் சிங்ஙம், பிறந்ததும் நிச்சயம் என்று பெரியவர்கள் பேசிப் பிரிந்தார்கள்.

சனி அந்த ஆடியில்தான் இருந்தது.

வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற கிரெடிட் கார்டு அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம்தான் உண்டு. என் தாய்மாமன், துறைமுகம் இருக்கிற ஐலண்டில் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் இருந்தவர். என் வாடிக்கையாளர்களின் பெயர்களையெல்லாம் அவர் கார்டில்தான் புதுப்பிப்பேன். அந்த வருடம் எல்லாவற்றையும் ஆனியிலேயே முடித்துவிட்டேன். என் பெயர் மட்டும் ஆடி நடுவில் முடிவதாக இருந்தது. கார்டைக் கேட்கப் போனேன்.

"ஆடியில முடியறதுன்னா, வாங்கினதும் ஆடியிலயா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. அப்போ கூடப் படிச்ச ஒரு கூட்டுக்காரன்கிட்ட கார்டு வாங்கி, அஞ்சு வருஷத்துக்குச் சேத்து..."

"எங்கிட்ட ஒரு வார்த்த பறயாம?"

தலையைக் குனிந்தேன். மாமா சாயாவைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். இரண்டு பக்கம் புரட்டினார்.

"அதான்டா நீ கோடவுன் மேலயே கிடக்க. ஆடிக் கர்க்கடகத்துல பொறந்த பேரு எப்படி உருப்படும்? நீ இத புதுப்பிக்காத. விட்டுடு. சாகட்டும். சிங்ஙம் ஒண்ணாம் தேதி நல்ல முகூர்த்தத்துல புதுசா வாங்குவோம். ஜாதகம் மாறிடும்."

படித்தவனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நம்பிக்கை. காரணம், தொழில் படுத்திருந்தது. கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமே என்ற பயமும் இருந்தது. போதாக்குறைக்கு, காலாவதியான பெயரை ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள் என்ற தொழில் ஞானம் வேறு. "இத்தன நீளப் பேர எவன் எடுக்கப் போறான்?" என்று அப்பாவும் சொன்னார். ஆக, உலகத்திலேயே நாள் நட்சத்திரம் பார்த்துத் தன் பெயரைச் சாகவிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பொறுக்கும் காலத்தைக் குறைத்துவிட்டோம் என்று, எனக்குப் பெயரை விற்ற அந்த விற்பனைக் கம்பெனி அனுப்பிய மெயில் என் பெட்டியில்தான் இருந்தது. திறக்கவில்லை.

சிங்ஙம் ஒன்றாம் தேதி குளித்து, சந்தனம் இட்டு, மாமாவும் நானும் கோடவுன் மாடியில் உட்கார்ந்தோம். மாமா கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தார். நல்ல நேரம் பிறந்ததும், பெயரை அடித்து, வாங்கு என்பதை அழுத்தினேன். இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே பதில்.

அந்தக் காலத்தில் எந்தப் பெயரை யார் வைத்திருக்கிறார் என்று யாரும் பார்க்கலாம். ஆளின் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். பார்த்தேன். டி. ஜெயகுமார், ஒரு தபால் பெட்டி எண், ஷார்ஜா. பெயர்களைக் கவ்விக்கொண்டு பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். அவர்களில் ஒருவன் என்னைக் குறிவைத்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமா தன் மொபைலை நீட்டினார். (ஐ.எஸ்.டி.! மாமாவின் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு தாராளம் நடந்ததில்லை.)

அந்தப் பக்கம் எடுத்ததும் நான் மூச்சுவிடவில்லை. "யாருடா நீ? வெக்கமா இல்ல? அடுத்தவன் பேர எடுத்து வச்சுக்கிட்டுப் பொழைக்கிறியே, இது ஒரு பொழப்பா?" என்று தமிழில் தொடங்கி, போதாமல் மலையாளத்துக்கு மாறினேன். அங்கே வசவுக்கு வசதி அதிகம். மாமா ஃபோனைப் பிடுங்கி, "சைபர் போலீஸ்ல ஆளிருக்கு, கேட்டியா! ஏர்போர்ட்ல எறங்கினதும் தூக்கிடுவோம்!" என்றார். பிறகு மூச்சு வாங்குவதற்காக என்னிடமே கொடுத்தார்.

அந்தப் பக்கம் நிதானமாக ஒரு குரல் வந்தது. "சேட்டா, முடிஞ்சுதா? நான் ஜெயந்தியோட தம்பி."

கீழே யாரோ மூட்டையைத் தட்டினார்கள். நான் தும்மினேன். அதைத்தான் அவனுக்குப் பதிலாகச் சொன்னேன்.

பிறகு அவன் சொல்லச் சொல்லத்தான் ஆடியில் நடந்தது தெரிந்தது. ஆடியில் கல்யாணப் பேச்சுதான் கூடாது, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கலாமே. ஹெட்மாஸ்டர் திருப்பூணித்துறையில் ஒரு இன்டர்நெட் கஃபேக்குப் போயிருக்கிறார். அடையாள அட்டை காட்டாமல் உட்காரக்கூடாது, கேபினுக்குக் கதவு இருக்கக்கூடாது என்று கஃபேக்களில் கெடுபிடி வந்திருந்த நேரம். கஃபே நடத்தியவர் அவருடைய பழைய மாணவர். "சார், அட்டை..." என்று கூச்சத்தோடு வாங்கிப் பார்த்து, மரியாதையாக நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். ஹெட்மாஸ்டர் என் முழுப் பெயரையும் ஒற்றை விரலால் அடித்து முடித்தார். என் தளம் வரவில்லை. காலாவதியான பெயர்களில் விற்பனைக் கம்பெனி கண்ட விளம்பரங்களை ஒட்டி வைக்கிற புது வழக்கம் வந்திருந்தது. உங்கள் ஊரிலேயே தனிமையில் வாடும் பெண்கள். மூன்றே வாரத்தில் விவாகரத்து. வழுக்கைக்குத் தீர்வு. எல்லாவற்றுக்கும் கீழே, பெரிய எழுத்தில், இது விற்பனைக்கு.

"சார், வேற ஏதாவது பாக்கணுமா?" என்று மாணவர் கேட்டாராம். ஹெட்மாஸ்டர் அன்றோடு காலை நடையை நிறுத்திவிட்டார்.

அன்று மாலையே அப்பா, மாமா, நான் மூவரும் கிளம்பினோம். வைட்டிலாவில் பஸ் மாறினோம். மாமாவின் மடியில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். அதைக் கொடுப்போமா, திரும்பக் கொண்டுவருவோமா என்பது எங்களுக்கே தெரியாது.

ஹெட்மாஸ்டர் உட்காரச் சொன்னார். நான் தளம், பெயர், காலாவதி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். வகுப்பில் பதில் தெரியாத பையனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பேரே வாடகைக்கு எடுத்ததா?"

"எல்லாருக்கும் வாடகைதான் சார்."

"அந்த வாடகையையும் கட்டல. இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படிப் பொண்ணக் கொடுக்கறது?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மாமா பழத்தை நகர்த்தி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சாரே, தப்பு எம்மேலதான். அந்தப் பேரு ஆடியில வாங்கினது. புதுப்பிக்க வேண்டாம், சிங்ஙத்துல புதுசா வாங்கலாம்னு நாந்தான் விடச் சொன்னேன்."

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்தார். முகம் மாறியது. "ஆடியிலயா? ஆடியிலயா பேரு வாங்கினது?" என்றார். "பின்னே அது எப்படி விளங்கும்? விட்டது நல்லதாப் போச்சு! இத மொதல்லயே பறயக்கூடாதா?"

அடுத்த கால் மணி நேரம் இரண்டு பேரும் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு பேசினார்கள். நானும் அப்பாவும் சாயா குடித்தோம். உயிர் திரும்பி வருகிற நேரத்தில் ஹெட்மாஸ்டர் சட்டென்று நிறுத்தினார். "அப்போ ஜெயகுமார் அத வாங்கினது எப்போ?"

எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்த்தோம். அவன் வாங்கியதும் ஆடியில்தான். ஹெட்மாஸ்டர் பஞ்சாங்கத்தை மூடினார். மாமா பழத்தைப் பார்த்தார்.

ஜெயந்தி உள்ளேயிருந்து வந்தாள். "நான்தான் அவன வாங்கச் சொன்னேன்," என்றாள். "அந்த அசிங்கம் போனாத்தான் அப்பா ரோட்டுல நடப்பார்னு. பைசா கொடுத்து வாங்கியாச்சு. இவ்வளவு நீளப் பேர வச்சு நாம என்ன செய்ய? ஆளையும் எடுத்துக்கிட்டாத்தான் உபயோகப்படும்."

ஹெட்மாஸ்டர் பழத்தை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம், தையில் கல்யாணம்.

பெயரைக் கல்யாணச் சீராக மாற்றிக் கொடுப்பதாக மச்சான் சொன்னான். சொன்னது உண்மைதான். ஆனால் வாங்கி இத்தனை நாள் ஆகாமல் மாற்றக்கூடாது என்றார்கள். அந்த நாள் கழிந்ததும் ஒரு ரகசியக் குறியீடு வேண்டுமென்றார்கள். அது போய்ச் சேர்ந்த மெயில் முகவரி, அவன் விட்டு வந்த பழைய ஆபீஸுடையது. அதைச் சரிசெய்வதற்குள் விற்பனைக் கம்பெனியையே இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. அவர்கள் முதலிலிருந்து ஆவணம் கேட்டார்கள். கொடுத்ததும் விதி மாறியது. பிறகு சொந்தக்காரர் விவரத்தை வெளியே காட்டக்கூடாது என்று இன்னொரு விதி வந்து, அவன்தான் அவன் என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. மின்னஞ்சல்களைத் திறப்பதை மறுபடியும் நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் பெயர் மச்சானிடம்தான் இருக்கிறது.

புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் அவன் ஃபோன் செய்வான். எனக்கில்லை, அவன் அக்காவுக்கு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள். "அக்கா, பத்து வருஷத்துக்குச் சேத்துக் கட்டினா லாபமாம். கட்டிடட்டா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பான். ஜெயந்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள். கொஞ்சம் யோசிப்பாள்.

"ஒரு வருஷத்துக்கு மட்டும் போடு. பாக்கலாம்."