சம்பந்தி கொடுத்த ஓவனுக்கு வந்த சோதனை

ஆமத்தூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி செல்லப்பாண்டி அவர்களுக்கு, ராக்கப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் கை, கால், கண், காது எதுவும் குறையாமல் இருக்கிறோம். இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விருதுநகர் மண்டியில் மிளகாய் வத்தல் வரத்து கூடியிருப்பதாக மகன் முனியராஜ் சொன்னான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கணக்கு எழுதவும். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் நீங்கள் “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம், கீர்த்திகாவுக்குக் கல்யாணச் சீரில் நீங்கள் கொடுத்த ஓவனைப் பற்றியது. நான் ஆயுசு முழுக்கப் பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். பொறி பறக்கும் என்று, ஆணி அடித்த செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டு வா என்று சொல்லிச் சொல்லியே முடி நரைத்தவன். அப்படிப்பட்டவன் வீட்டு அடுப்படியில், கண்ணாடிக் கதவுக்குள்ளே இரண்டு கம்பிகள் செக்கச்செவேலென்று காய்ந்துகொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலைக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். அதில் இடித்துக்கொள்ளாமல் ஒருநாள்கூடப் போனதில்லை என்று என் வீட்டுக்காரி சோலையம்மாள் சொல்கிறாள்.

போன வாரம் உங்கள் மகளுக்கு முதன்முதலாக வெளியிலிருந்து ஒரு கேக் ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தவள் எங்கள் பழைய கம்பெனியில் வேலை பார்க்கும் மாரிசெல்வி. கல்யாணமாகிப் பல வருசம் பிள்ளையில்லாமல், போகாத கோயில் இல்லாமல் போய்ப் பெற்ற பிள்ளை சினேகா. அதற்கு முதல் பிறந்தநாள். கீர்த்திகா முந்தின நாள் காலையிலேயே மாவைக் கலந்து ஓவனுக்குள் வைத்தாள். நான் வாளிப் பக்கமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே ‘படார்’ என்று ஒரு சத்தம், பச்சை நிறத்தில் ஒரு பொறி, கொஞ்சம் புகை. சம்பந்தி, எங்கள் ஊரில் பழைய போர்மேன் “எல்லாரும் வெளிய ஓடுங்க” என்று சத்தம் போட்டால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் ஓடுவார்கள், பிறகுதான் கேட்பார்கள். தெரு முழுக்க ஓடிவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரர் குளித்தது பாதி குளிக்காதது பாதியாக ஊர்க் கிணற்றடி வரை போய்விட்டார். நான் ஓவன் கதவைத் திறந்து வாளி மணலை அப்படியே உள்ளே கொட்டினேன். கேக் பாதி வெந்திருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு கீர்த்திகா வந்து பார்த்தாள். மணலைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மாமா, பிளக்கப் பிடுங்கியிருந்தாலே போதும்” என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பழுதானது கீழ்க்கம்பிதான், நடுவில் விண்டுபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, மணலைத் துடைத்தெடுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கம்பியையும் கழற்றினேன். முனியராஜுக்கு அச்சாபீஸில் காலண்டர் சீசன். வீட்டுக்கே வர முடியாது. நானே கம்பியைப் பழைய காலண்டர் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். பைக்கு வெளியே இரண்டு முனை நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, வெடிச் சாமான் எதுவும் கொண்டு போறீகளா?” என்று கேட்டதும் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். இது கேக் சுடும் கம்பி என்று சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. சிவகாசி வரை எனக்கு முழு சீட்டும் கிடைத்தது.

அங்கே ஜமால் முகம்மது எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். முன்பு எங்கள் கம்பெனி ஆபீஸுக்கு ஒயரிங் பார்த்தவர். கடையைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு கம்பி நீளம் அதிகம், ஒன்று வெந்நீர் ஹீட்டருடையது, இன்னொன்று எதனுடையது என்று அவருக்கே தெரியவில்லை. சரியானது மதுரையிலிருந்து வர நாளாகும் என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி சம்சாத் விசாரித்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன், மணல் உள்பட. அந்த அம்மா எழுந்து உள்ளே போய், “நம்ம ஓவனும் இதே மாதிரிதான இருக்கு?” என்று கணவரைக் கூப்பிட்டார். ஜமால் அளந்து பார்த்தார். அதே கம்பி.

“கழட்டிக் குடுங்க” என்றார் சம்சாத். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “பச்சப் புள்ளைக்கு மொதப் பொறந்தநாளு, அண்ணே. எங்க ஓவன் சும்மா கெடந்தா என்ன ஆயிரப்போகுது?” என்றார். சம்பந்தி, நான் டீயை வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பியை மாட்டினேன், படத்தைப் பார்த்து ஒயரை முறுக்கினேன், தகட்டை மூடினேன். பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். கம்பி மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. அந்த நிறத்தைப் பார்த்து நான் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை. கீர்த்திகா மறுபடியும் மாவு கலந்தாள். கேக் சும்மா பூ மாதிரி உப்பி வந்தது.

பிறந்தநாள் அன்று மாரிசெல்வி வீட்டில் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். யாரோ கேக்கின் மேல் பொறி விடும் மெழுகுவத்தியைச் சொருகிப் பற்றவைத்தார்கள். அது சீறியதும் கூட்டம் மொத்தமும் சொல்லிவைத்தாற்போல் பின்னால் நகர்ந்தது. சினேகா மட்டும் கைதட்டியது. அப்புறம் எல்லோரும் சிரித்து ஓய்ந்து, சாதா மெழுகுவத்தி வைத்துக் கேக்கை வெட்டினார்கள். மாரிசெல்வி முதல் துண்டைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஓவன் வெடிச்சிருச்சுன்னாகளே, எப்படிச் சரியாச்சு?” என்று அவள் கேட்டபோது நான் ஆதியோடந்தமாக விளக்கினேன். பக்கத்தில் நின்ற கீர்த்திகா, “ஆமாக்கா, மாமாதான்” என்றாள்.

அங்கேயே இன்னும் சில ஆர்டர்கள் வந்துவிட்டன. மதுரையிலிருந்து புதுக் கம்பி வந்ததும் ஜமால் தம் வீட்டு ஓவனில் மாட்டிவிட்டார். கீர்த்திகா ஒரு கேக் சுட்டுக் கொடுத்தாள். நான் கொண்டுபோய்ச் சம்சாத் கையில் கொடுத்து வந்தேன். ஆகவே நீங்கள் வேறு ஓவன் வாங்கி அனுப்ப வேண்டியதில்லை. ஓவன் கொடுத்ததற்கும், அதைவிடப் பெரிதாக இப்படியொரு பிள்ளையைக் கொடுத்ததற்கும் எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் என்றும் குறைவில்லாமல் எரியட்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ராக்கப்பன்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் சோலையம்மாள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். “கம்பிய மாட்டும்போது நீங்க எங்கன நின்னீக? எதுத்தாப்புல வேப்பமரத்தடியிலதான? அதையும் எழுதுங்க” என்று பக்கத்திலேயே நிற்கிறாள். எனவே, மேலே கழற்றினேன், மாட்டினேன், முறுக்கினேன், சுவிட்சைப் போட்டேன் என்று வரும் இடங்களிலெல்லாம் தயவுசெய்து கீர்த்திகா என்று படித்துக்கொள்ளவும். கம்பி சிவந்ததைக்கூட நான் அவள் கூப்பிட்ட பிறகு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை சிரிக்கக்கூட இல்லை, சம்பந்தி. அதற்கும் சேர்த்து உங்களுக்கு என் நன்றி.